பெருமா இருந்த விரதம்

பவளத்தைப் பற்றி எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அனுமாருக்குக் கவிச்சி குடுத்துக் கொன்னுச்சே, அந்தப் பொம்பளையா?" என்பார்கள். அவ்வளவுதான் அவளுடைய வாழ்க்கை வரலாறு. அதற்கு மேல் ஒரு வரி சேர்த்துச் சொல்ல யாருக்கும் வாய் வராது. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஈப்போவிலிருந்து மாற்றலாகி, எழுபத்திரண்டாம் ஆண்டில் இந்தக் கேமரன் மலைக் குளிரில் வந்து விழுந்ததிலிருந்து, துரை பங்களாவுக்குக் கீழே உள்ள ஆசிரியர் வீட்டில்தான் இருக்கிறேன். பவளம் பங்களாவின் பின்கட்டில் இருந்தாள். என் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அவள் அடுப்படி தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

பவளம் இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, இந்தத் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவள். கோலாலிப்பிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் வீட்டுக்கு இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். இவள் துணிமூட்டையோடு பஸ் ஏறித் திரும்பிவிட்டாள். திரும்பி வந்த பெண்ணுக்கு நம்மிடம் ஒரு பெயர் தயாராக இருக்கிறதே, வாழாவெட்டி என்று. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஒரு வளைகாப்பு, ஒரு நலங்கு என்றால் சரியாக வளையல் போடுகிற நேரத்தில், "ஏ பவளம், சாம்பார் அடிப்பிடிக்குது, போய்ப் பாரு" என்று யாராவது சொல்வார்கள். அவள் வைத்த சாம்பார் பந்தியில் எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துவிடும். அவள்தான் கடைசியில் பாத்திரங்களோடு உட்காருவாள். சொந்தத் தம்பி அர்ஜுனன் கல்யாணத்திலேயே அப்படித்தான். அவன் மனைவி நீலாவதி வந்த அன்றிலிருந்து நாத்தனாரிடம் நல்லவிதமாகத்தான் பேசினாள். ஆனால் தன் தலையில் பூ வைக்க மட்டும் அவள் கையை அண்டவிட்டதில்லை.

துரை பங்களாவில் பவளத்துக்குச் சமையல் வேலை கிடைத்தது. அங்கேதான் பெருமா அவளுக்கு வந்து சேர்ந்தான்.

பெருமா ஒரு குரங்கு. குரங்கு என்றதும் ரோட்டோரத்தில் ரொட்டியைப் பிடுங்கித் தின்னுமே, அதை நினைக்காதீர்கள். இது அணில்குரங்கு. அமேசான் காட்டில் இருப்பதாம். துரையம்மா சிங்கப்பூரில் ஒரு பிராணிக்கடையில் பார்த்து, கூண்டோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தால் அதற்குள் உட்காரும். கண்ணைச் சுற்றி வெள்ளை, வாயைச் சுற்றிக் கறுப்பு; பால் குடித்த பிறகு மைக்கூட்டில் வாயை விட்டது மாதிரி. முழங்கையிலிருந்து விரல் வரை மஞ்சள் தேய்த்துக் குளித்ததுபோல ஒரு நிறம். உடம்பைவிட வால் நீளம். ஆனால் அந்த வாலால் கிளையைப் பிடித்துத் தொங்கத் தெரியாது. தாவும்போது நிலைதப்பாமல் இருப்பதற்குத்தான் அது உதவும். துரையம்மா அவனுக்கு ப்ரீமோ என்று பெயர் வைத்திருந்தாள். பவளத்தின் வாயில் அது முதல் நாளே பெருமா ஆகிவிட்டது.

அவனுடைய சேட்டையை நான் ஜன்னலிலிருந்தே நிறையப் பார்த்திருக்கிறேன். கேமரன் மலையில் வாசல் விளக்கு எரிந்தால் போதும், காட்டிலிருக்கிற விட்டில் பூச்சி அத்தனையும் வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். சில பூச்சி கையகலம் இருக்கும். பொழுது விடிந்ததும் பெருமா பங்களாவின் வெள்ளைச் சுவரில் ஏறி, பூச்சியைப் பிடித்து, இரண்டு கையாலும் இறக்கையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, முறுக்கு தின்கிற மாதிரி நொறுக்குவான். அது முடிந்தால் தேயிலைச் செடிக்குள் வெட்டுக்கிளி. பறக்கிற வெட்டுக்கிளியைத் தாவி அந்தரத்திலேயே பிடிப்பான், குறி தப்பி நான் பார்த்ததில்லை. பழமும் தின்பான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் கண் என்னவோ பூச்சியில்தான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எழுதக் கூச்சமாக இருந்தாலும் கதைக்கு அது வேண்டும். தன் மூத்திரத்தைத் தானே உள்ளங்கையில் பிடித்து, கையிலும் காலிலும் நன்றாகத் தேய்த்துக்கொள்வான். பவளம் முதலில் முகத்தைச் சுளித்தாள். "அது அவன் ஜாதிப் பழக்கம், விடு" என்று துரையம்மா சிரித்தாளாம்.

அவர்கள் கூட்டமாக வாழ்கிற ஜீவன்கள். காட்டில் ஐம்பது, நூறு என்று சேர்ந்துதான் திரியுமாம். இவன் ஒற்றை. பவளம் கண்ணுக்கு மறைந்தால் போதும், "கீ...ச்" என்று குருவிக் குரலில் கத்துவான். எங்கே இருக்கிறாய் என்று அர்த்தம். பவளம் வேலை செய்துகொண்டே நாக்கை மேலண்ணத்தில் தட்டி "ச்சக்" என்பாள். அவனும் "ச்சக்" என்பான். அப்புறம் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்ப்பான். காலையிலிருந்து சாயங்காலம் வரை இது ஓயாது. எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். ஒரு நாள் அந்தச் சத்தம் நின்றுபோகும் என்று யார் கண்டது.

எழுபத்தைந்தில் துரை சீமைக்கே திரும்பிவிட்டார். குரங்கைக் கூடக் கொண்டுபோக முடியவில்லை. துரையம்மா புறப்படுகிற அன்று அழுதுகொண்டே அவனைப் பவளத்தின் கையில் கொடுத்தாள். தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் மூன்று விஷயம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"பவளம், பூச்சி வேணும். பழம் மட்டும் குடுத்தா செத்துப் போகும். வெயில் வேணும். அப்புறம் இந்த வால் இருக்கே, இதைத் தோள் மேலே சுத்திப் போட்டுக் குனிஞ்சு உக்காந்தா, குளிர். வெயில்லே வச்சும் அப்படியே உக்காந்தா, சீக்கு. மறக்காதே. சீக்கு."

"மறக்க மாட்டேம்மா" என்றாள் பவளம். மறக்கவும் இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்குத் தாங்க முடியாத இடம்.

ஒரு வருஷம் நன்றாகவே போனது. புதிதாக வந்த துரை நம் நாட்டு ஆள், கட்டைப்பிரம்மச்சாரி. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். சோறு நேரத்துக்கு இருந்தால் போதும், குரங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெருமா பவளத்தின் கம்பளிச் சட்டைக்குள் தூங்கினான். குளிரான காலைகளில் அடுப்படி மாடத்தில் ஏறி, பவளம் ஏற்றி வைக்கிற காமாட்சி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் சுடருக்கு நேரே நீட்டிக் குளிர்காய்வான். அந்த மாடத்தில் ஒரு பெருமாள் படமும் இருந்தது.

எழுபத்தாறு புரட்டாசி பிறந்த சமயம். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கோயில் தலைவராக இருந்த நாகரத்தினம் கங்காணி, சனிக்கிழமை பூஜைக்குப் பொங்கல் வைக்கப் பவளத்தைக் கூப்பிட வந்தார். நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர்கள் கண்கலங்கினால் எனக்குக் கொஞ்சம் பயம். அடுப்படி வாசலில் வந்து நின்றவர் மாடத்தைப் பார்த்தார். பெருமாள் படம், விளக்கு, அதற்கு முன்னால் கைகூப்பின மாதிரி ஒரு குட்டிக் குரங்கு. நெற்றியில் இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் கறுத்த கீற்று. நாமம் போட்ட மாதிரியே இருந்ததாம். கையெல்லாம் மஞ்சள்.

"பவளம்... இது எத்தினி நாளா இப்பிடிக் கும்புடுது?"

"தெனம் காலையில உக்காருங்க, கங்காணி."

"பேரு?"

"பெருமா."

கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து பெருமாவும் தன் கையையும் காலையும் தேய்க்க ஆரம்பித்திருக்கிறான். "பாருங்கம்மா, கைகால் கழுவிட்டுல்ல பூஜையில உக்காருறாரு!" என்றார். எதைக் கொண்டு கழுவுகிறார் என்பது பவளத்துக்கு மட்டும்தான் தெரியும். அப்போதே சிரித்து, உள்ளதைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் கங்காணி சொன்ன அந்த "பாருங்கம்மா" அவள் காதில் விழுந்துவிட்டது. நாற்பதை நெருங்குகிற வயதில், முதல் தடவையாக ஒருவர் அவளை "ங்க" போட்டுப் பேசியிருக்கிறார். அதுவும் கங்காணி.

"கவிச்சி தின்பாரா?" என்று கேட்டார்.

வெளியே சுவரடியில் அன்று காலை பெருமா கிள்ளிப் போட்ட இறக்கைகள் இன்னும் கிடந்தன.

"இல்லீங்க. பழந்தான். பால்சோறு" என்றாள் பவளம்.

அவள் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது. மற்றதெல்லாம் அந்தப் பொய்யைக் காப்பாற்றச் செய்தது.

அனுமாரே வந்திருக்கிறார் என்று கங்காணி சொல்லி, அந்தச் சனிக்கிழமையே லயத்து ஜனம் பங்களாவுக்கு ஏறி வந்தது. அடுத்த சனிக்கிழமை, திரிங்காப்பில் முட்டைக்கோசு ஏற்றப் போன லோரி திரும்புகிற வழியில் அதில் ஆட்கள் ஏறிக்கொண்டு வந்தார்கள். கம்போங் ராஜாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அனுமாருக்கு எப்படிப் பெருமாள் பெயர் வரும் என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, "பெருமாளோட ஆளுதானேய்யா, அதான் பெருமாளு" என்று கங்காணி விளக்கம் சொன்னார். எல்லாருக்கும் திருப்தி. அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தொட்டது எதை என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

பவளத்துக்கு ராஜமரியாதை. "அம்மா, நீங்க கொடுத்து வச்சவங்க" என்று கும்பிட்டார்கள். குழந்தைகளை அவள் மடியில் வைத்து எடுத்தார்கள். நான்கு மாதமாகப் பங்களாப் பக்கம் தலைகாட்டாத நீலாவதி, நிறைமாதத்தை நெருங்குகிற வயிற்றோடு மேடேறி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, ஐப்பசி பொறந்ததும் வளைகாப்பு வச்சிருக்கோம். மொத வளையல் நீங்கதான் போடணும். உங்க கை பட்டாத்தான் எனக்கு நிம்மதி."

பவளம் அன்று சாயங்காலம் என் ஜன்னலுக்கு வந்து இதைச் சொன்னாள். சொல்லும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எந்த விலைக்கு வருகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

அது எனக்குத் தெரிய வந்தது ஒரு விடியற்காலையில். ஜன்னலைத் திறந்தால், பவளம் விளக்குமாறும் கையுமாகப் பங்களா வாசல் சுவரைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தரையை அல்ல, சுவரை. ஒட்டியிருந்த விட்டில்களையெல்லாம் தட்டி, முறத்தில் வாரி, சரிவில் கொண்டுபோய்க் கொட்டினாள். பெருமா எழுந்து வருவதற்குள் சுவர் வெறிச்சென்று இருந்தது. அவன் வழக்கம்போல ஏறினான். இங்கே தேடினான், அங்கே தேடினான். அப்புறம் இறங்கி அவள் காலடியில் வந்து உட்கார்ந்து முகத்தைப் பார்த்தான். அவள் ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள்.

தேயிலைச் செடிப் பக்கமும் விடவில்லை. இடுப்பில் ஒரு கயிறு. மஞ்சள் கயிறு என்பதால் அதையும் கோயில் கயிறு என்று ஜனம் கும்பிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. புரட்டாசியில் எங்கள் மலையில் வெயில் என்று ஒன்று இருந்தால் அது விருந்தாளி மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பள்ளிக்கூடத்தில் சுண்ணக்கட்டி ஈரம் பாய்ந்து எழுதாது. அந்த மாதிரி ஈரத்தில் பழமும் பால்சோறும் சர்க்கரைப் பொங்கலும் மட்டுமே தின்று ஒரு பூச்சிதின்னி எத்தனை நாள் தாங்கும்? தோளெலும்பு துருத்தியது. மயிர் மங்கியது. சுவரில் ஏறுவதை விட்டுவிட்டான். ஒரு நாள் பார்க்கிறேன், மாடத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிறான், வால் முதுகு வழியாக ஏறித் தோளைச் சுற்றி நெஞ்சு வரைக்கும் வந்திருக்கிறது.

"பவளம், இளைச்சுப் போயிட்டானே, என்ன ஆச்சு?" என்று ஜன்னலிலிருந்து கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர், குளிரு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். மழையோ வெயிலோ, அந்த ஜன்னலை அவள் சாத்தி நான் பார்த்தது அன்றுதான்.

கங்காணி வந்து பார்த்துவிட்டுக் கையைக் கூப்பினார். "தவத்துல உக்காந்துட்டாரும்மா. புரட்டாசி முடியிற வரைக்கும் தவந்தான். வாலையே துண்டாப் போத்திக்கிட்டாரு பாருங்க."

சீக்கு என்று துரையம்மா சொன்ன சொல் பவளத்துக்கு மறக்கவில்லை. வளைகாப்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவளும் கங்காணியோடு சேர்ந்து கையைக் கூப்பினாள்.

கடைசிச் சனிக்கிழமை லயத்துக் கோயிலில் பெரிய பூஜை. பெருமாவைக் கீழே கொண்டுவந்து பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் ஒரு மணைப்பலகையில் உட்கார வைத்திருந்தார்கள். துளசி மாலை, வடை மாலை, சாம்பிராணிப் புகை, உடுக்கை, கூட்டம். பவளத்தை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். புதுச் சேலை, தலையில் பூ. நீலாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பின்னால் பெண்களோடு நின்றேன்.

புகையில் பெருமாவுக்கு அவளைத் தெரியவில்லை போலிருக்கிறது. "கீ...ச்" என்றான்.

எனக்கு நன்றாகக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். மறுபடியும் "கீ...ச்" என்றான். தலையை மெல்லத் திருப்பித் திருப்பிக் கூட்டத்துக்குள் தேடினான். பவளம் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். எல்லாரும் பார்க்க, பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று நாக்கைத் தட்டுவது எப்படி? நீலாவதி என்ன நினைப்பாள்? ஒரு "ச்சக்". அவ்வளவுதான் அவன் கேட்டது.

கோயில் குழல்விளக்குக்குக் கீழே சுவரில், முந்தைய இரவு வந்த விட்டில் ஒன்று ஒட்டியிருந்தது. கோயில் சுவரைப் பெருக்கப் பவளத்துக்கு வாய்ப்பில்லையே. பெருமா அதைப் பார்த்துவிட்டான். வால் தோளிலிருந்து இறங்கியது. உடம்பைச் சேர்த்துக்கொண்டு தாவினான்.

அரை முழம்கூட எழும்பவில்லை. மாலையோடு தரையில் குப்புற விழுந்தான். கைகால் நீட்டியபடி கிடந்தான்.

கங்காணி கதறினார்: "சாஷ்டாங்கமா விழுந்து கும்புடுறாரு! கோவிந்தா!"

"கோவிந்தா! கோவிந்தா!" என்று கூட்டம் முழுக்க முழங்கியது. சிலர் தாங்களும் தரையில் விழுந்தார்கள்.

பவளம் நீலாவதியின் கையை உதறிவிட்டு நடந்தாள். நேரே சுவரிடம் போனாள். இரண்டு விரலால் அந்த விட்டிலைப் பிடித்தாள். தரையில் உட்கார்ந்து, பெருமாவை வாரி மடியில் போட்டு, அவன் கையில் அதைக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். அந்த நிலையிலும் இறக்கையைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் வாயில் வைத்தான். நொறுங்குகிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. கோவிந்தா சத்தம் நின்றுபோயிருந்தது.

"என்னா காரியம் பண்ணிட்டே, பவளம்!" என்றார் கங்காணி. "ங்க" போய்விட்டது.

"தவமில்லீங்க கங்காணி, சீக்கு" என்றாள். "பூச்சி இல்லாம சீக்குங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இருந்தேன்."

யார் கேட்டார்கள்? பெருமாள் சன்னிதியில், புரட்டாசிச் சனிக்கிழமையில், விரதம் இருக்கிற அனுமாரின் வாயில் கவிச்சியைத் திணித்துவிட்டாள் என்றுதான் அத்தனை கண்ணும் பார்த்தது. ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். நீலாவதி இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு, புருஷனை இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நானும் பவளமும் அவனைத் துணியில் சுற்றிப் பங்களாவுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் அவள் சுவரைப் பெருக்கவில்லை. விடிந்ததும் பெரிய பெரிய பூச்சியாகப் பொறுக்கிக்கொண்டு வந்து அடுப்பங்கரையில் அவன் முன்னால் வைத்தாள். மழையில் நனைந்துகொண்டே செடிக்குள் போய் வெட்டுக்கிளி பிடித்து வந்தாள். அவன் ஒன்றிரண்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். தின்ன முடியவில்லை. அவள் பக்கத்திலேயே இருந்து "ச்சக், ச்சக்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் ஒரு தடவைகூடத் திருப்பிச் சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் வாசல்படியில் மடியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வளைகாப்பு நடந்தது. பங்களாவுக்குச் சேதி வரவில்லை. சாம்பார் வைக்கக்கூடக் கூப்பிடவில்லை. நீலாவதிக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதைப் பவளம் தூக்கிப் பார்க்க விட்டதில்லை.

கவிச்சி கொடுத்துக் கொன்றவள் என்ற பேச்சு கம்போங் ராஜா வரை போயிற்று. பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் காலியாகக் கிடக்கும். நான் கங்காணியிடம் போய்ச் சண்டைகூடப் போட்டேன். பூச்சி தின்னுகிற ஜீவனைப் பட்டினி போட்டது எல்லாருமாகச் சேர்ந்துதான் என்றேன். "டீச்சர், படிச்சவங்க நீங்க, சாமி விசயம் ஒங்களுக்குச் சூசா லா, வெளங்காது" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டார்.

ஏழெட்டு வருஷம் கழித்து, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் பவளத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்புகிற பஸ்ஸுக்காக நிற்கும்போது, எங்கள் லயத்துப் பெண்கள் இருவர் இவளைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நீயாவது ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? விட்டில் குடுத்ததால சாகலைன்னு சொல்லேன்!"

அவள் கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். என் பக்கம் திரும்பினாலும் என்னைச் சரியாகத் தெரிந்திருக்காது.

"என்னான்னு சொல்றது டீச்சர்? நான் கொன்னேன்னு சொல்றாங்க. அது நெசந்தானே. எதுல கொன்னேங்கிறதுதான் அவங்களுக்குத் தெரியல."

"அந்த விட்டில் குடுத்ததுதான் நீ அந்த மாசத்துல செஞ்ச ஒரே நல்ல காரியம், பவளம்."

"ஆமா. அதுக்குத்தான் ஏசுறாங்க. மத்ததுக்கு ஏசுறதுக்கு ஆளு இல்ல. அதனால இதையே அதுக்கும் சேத்து வாங்கிக்கிறேன்." முந்தானையால் கண்ணோரத்து மருந்தைத் துடைத்துக்கொண்டாள். "துரையம்மா சொல்லித்தான் குடுத்துச்சு. ஒண்ணுகூட மறக்கல டீச்சர். மறந்திருந்தா பரவால்ல. தெனம் காலையில வெளக்குமாத்த எடுக்குறப்ப தெரிஞ்சுதான் எடுத்தேன். அந்த ஒரு 'ங்க'வுக்காகத்தான் எடுத்தேன். 'வாங்க', 'உக்காருங்க', 'போடுங்க'... இப்ப எனக்கே வெக்கமா இருக்கு. அதுவா சோறு போடும்?"

அவள்மேல் கோபப்படுவதா, அந்த ஒரு எழுத்தைக்கூட நாற்பது வயது வரை அவளுக்குக் கொடுக்காதவர்கள்மேல் கோபப்படுவதா? இரண்டு பேர்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அவள்மேல் இருக்கிற கோபத்தை என்னால் அதிக நேரம் பிடித்து வைத்திருக்க முடிவதில்லை.

அதற்குப் பிறகு அவள் வேலையிலிருந்து நின்ற எண்பத்தாறு வரை பங்களா வாசல் சுவரைப் பெருக்கியதே இல்லை. அடுத்து வந்த துரையின் மனைவி, "என்னம்மா இது, சுவர் முழுக்கப் பூச்சி" என்று கத்திப் பார்த்தாள். பவளம் சமைத்தாள், துவைத்தாள், தரையைப் பளிச்சென்று துடைத்தாள். சுவர்ப் பக்கம் மட்டும் போகவில்லை. கடைசியில் அதற்கென்று தோட்டவேலை பார்க்கிற கெபுன்காரன் ஒருவனை வைத்தார்கள்.

இப்போது அவள் லயத்தில் கடைசி வீட்டில் இருக்கிறாள். தண்ணீர்க் குழாய்க்குப் போகிற வழியில், கோயிலை ஒட்டித் தேயிலைச் செடி ஓரமாக ஒரு சின்ன மாடம் இருக்கிறது. கங்காணி ஊர் கூட்டிக் கட்டினது. உள்ளே சிமெண்டில் ஒரு குட்டி அனுமார். கைக்கு மஞ்சள் சாயம், நெற்றியில் நாமம். அவனை நினைத்துச் சிலை செய்யச் சொன்னபோது ஜனத்துக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு தோற்றம்தான். குனிந்து உட்கார்ந்திருக்கிறான், வால் முதுகு வழியாக ஏறித் தோளைச் சுற்றி நெஞ்சில் கிடக்கிறது. தவக்கோல அனுமார் என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். புரட்டாசியில் வடை மாலை சாத்துகிறார்கள். பவளம் அன்று கூட்டத்தை மறிக்கக் கட்டுகிற கயிற்றுக்கு வெளியே நிற்பாள்.

மற்ற நாட்களில் காலையில் அந்தப் பக்கம் ஆள் இருக்காது. நான் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்திருக்கிறேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, மாடத்துக்கு முன்னால் நின்று, அந்த வாலையே பார்த்துக்கொண்டிருப்பாள். கும்பிடமாட்டாள். நாக்கை மேலண்ணத்தில் தட்டி "ச்சக்" என்பாள். கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாய்க்குப் போவாள்.